காதர் வாசித்த மூன்றாம் டிராக்

ஒலிக் கலவை மேசைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பேஸ் கிட்டார் கலங்கலாக இருக்கிறது, எங்கே எவ்வளவு குறைக்க வேண்டும் என்று. இருநூறு ஹெர்ட்ஸுக்கும் முந்நூறுக்கும் நடுவில் எங்காவது குறைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அது தப்பான பதில் இல்லை. ஆனால் அந்தப் பதில் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஒருவர் காதுக்குப் போய்விடும் என்ற பயம் இருந்தது. அந்த மனிதர் இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், போடியில் ஏலக்காய்க் கடைகள் இருந்த தெருவில், ஒரு கடையின் மாடியில் என் ஒலிப்பதிவு அறை இருந்தது. சுவர் முழுக்கக் காலி ஏலக்காய்ச் சாக்குகளை இரட்டையாக மடித்து ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தேன். எதிரொலி அடங்கியது, பாடகர்களுக்குத் தும்மல் வந்தது. சென்னையில் யாரோ கழித்துக்கட்டிய டேப் இயந்திரம், ஒரு சின்னக் கலவை மேசை, உள்ளூர்த் தச்சர் பலா மரத்தில் செய்துகொடுத்த பெட்டிக்குள் ஒரு ஒலிபெருக்கி. என் சொத்து அவ்வளவுதான்.

அந்த டேப்பில் நான்கு டிராக்குகள், அதாவது நான்கு தனித்தனி ஒலித்தடங்கள் உண்டு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்று எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். எனக்கு நான்கும் நிரம்பிவிட்டால், இருப்பதில் ஒன்றை அழித்து அதன்மேல்தான் இன்னொன்றைப் பதிய முடியும். அழித்தது திரும்ப வராது.

பக்கத்து ஊரான தேவாரத்துக்காரர் முருகேசன் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். பகலில் தோட்டம், கிணறு, மோட்டார். மாலையில் மின்சார ஆர்கன். எனக்கு மச்சான் முறை. அவரே மெட்டமைத்த பாட்டுகளை ஒரு கேசட்டாகக் கொண்டுவர வேண்டுமென்று வெகுநாள் ஆசை. மதுரையில் ஒரு கேசட் கடைக்காரர், பாட்டு நன்றாக இருந்தால் தானே வெளியிடுவதாகச் சொல்லியிருந்தார். முதல் டிராக்கில் பாட்டு, இரண்டாவதில் தபலா, மூன்றாவதில் காதரின் பேஸ் கிட்டார், நான்காவதில் முருகேசன் மச்சானின் ஆர்கன் என்று பிரித்தேன்.

காதர் ஜீப்பு ஓட்டுகிறவன். குரங்கணிக்கு மேலே உள்ள எஸ்டேட்டுகளுக்கு அரிசியும் உரமும் ஏற்றிப்போய், ஏலக்காய் லோடு இறக்கிக்கொண்டு வருவான். லோடு ஏற்றி முடிக்கும்வரை மலையில் சும்மா நிற்க வேண்டும் என்பதால் கிட்டாரும் ஜீப்பிலேயே போய்வரும். மூடுபனிக்குள் உட்கார்ந்து பழகிய கை அது. அவசரம் என்பதே இல்லாத வாசிப்பு.

அவனுடைய அத்தா மைதீன் பாய், மலையில் ஒரு எஸ்டேட்டில் ஆயில் இன்ஜின் பார்த்தவர். இன்ஜின் பக்கத்திலேயே நின்று நின்று காது போய்விட்டது. நாம் பேசும்போது உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்வார். மீதியை நாம் கத்த வேண்டும்.

மற்ற மூன்று டிராக்குகளையும் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் காதரைப் பதிந்தோம். அன்று மாலை பஸ்சில் அவன் கிளம்ப வேண்டும். சவுதியில் டிரைவர் வேலை. எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. மைதீன் பாய்தான் கிட்டாரைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். அதை மகனிடம் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். அதன்பின் மகனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

காதர் கம்பியைத் தொட்டான். ஒரு கணம் குனிந்து பார்த்தான். பிறகு வாசித்தான். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"என்னடா, கிட்டார் வாய்ல துணிய வச்சு அமுக்குன மாதிரி இருக்கு?"

"இருக்கட்டும்ணே. எடுங்க. பஸ்சுக்கு நேரமாச்சு."

ஒரு பாட்டு முடிந்ததும் விரலைக் கால்சட்டையில் துடைத்தான். அடுத்த பாட்டு முடிந்ததும் துடைத்தான்.

"கையில என்னடா?"

"வேர்வைண்ணே."

மார்கழி மாதம். மலைக்காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். இருந்தும் மேலே கேட்கவில்லை. ஊரைவிட்டுப் போகிற பையன், ஏதோ படபடப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மகனை பஸ் ஏற்றிவிட்டு மைதீன் பாய் திரும்ப மாடிக்கு வந்தார். "கேசட்டு வந்தா எனக்கு ஒன்னு எடுத்து வையி தம்பி" என்றார்.

முருகேசன் மச்சான் அவருக்குத் தெரிகிற மாதிரி வாயை அகலத் திறந்து கேட்டார்: "கேசட்ட வச்சு என்ன பாய் செய்வீரு? அதுல வெத்தல மடிப்பீரா?"

"காதுக்குத்தான்டா கேக்காது. கைக்குக் கேக்கும். வீட்ல அவன் வாசிக்கையில அவனோட ஸ்பீக்கர் பொட்டி மேல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். இன்ஜினும் அப்பிடித்தான் பாத்தேன். எந்த வால்வு அடைக்குதுன்னு கை சொல்லும்." பிறகு, "புள்ளதான் போயிட்டான். அவன் வாசிக்கிறதாவது வீட்ல இருக்கட்டும்ல" என்றார்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, மாதிரிப் பிரதியை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போன மச்சான் முகம் வாடித் திரும்பினார்.

"பாட்டு நல்லாருக்காம் மாப்ளே. அடியிலதான் ஒரே சகதியா இருக்காம். அத மாத்திக் கொண்டாங்கன்னு சொல்லிட்டார்."

"கலவையில சரி பண்ணிப் பாக்குறேன் மச்சான்."

"நீ என்னத்தப் பண்ணுவ? மதுரையிலயே ஒருத்தரப் பேசிட்டேன். வியாழக்கிழம ரயில்ல வர்றார். காதர் வாசிச்சத அழிச்சிட்டு அவர வாசிக்க விட்ருவோம்."

"மைதீன் பாய்க்கு என்ன சொல்றது?"

"கைய வச்சுக் கேக்குறவருக்கு வாசிக்கிறது யாருன்னு தெரியவா போகுது?" என்று சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே பிடிக்காதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கேசட்டுக்காக அவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

ரயில் வரும்வரை எனக்கு அவகாசம் கேட்டு வாங்கினேன்.

நீங்கள் இன்று செய்வதைத்தான் நானும் செய்தேன். பேஸ் மங்கலாக இருக்கிறது, ஆகவே மேலே உள்ள கூர்மையான ஒலிகளை ஏற்றினேன். டேப்பின் இரைச்சல்தான் ஏறியது. சரி, கீழே உள்ளதைக் குறைப்போம் என்று குறைத்தேன். கலங்கல் போனது, கூடவே காதரும் போய்விட்டான். பாடகரின் குரல் தரையில் கால் படாமல் தொங்கியது. திரும்பவும் ஏற்றினேன். ஒவ்வொரு நாளும் குமிழ்களின் நிலையை வரிசையாகக் குறித்துவைத்துக்கொண்டு, மறுநாள் வேறொரு வரிசையில் முயன்றேன். ஒழுங்காகவும் பொறுமையாகவும் ஒரே தவறைச் செய்துகொண்டிருந்தேன். அந்தக் கிட்டாரின் ஒலிக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை மைதீன் பாய் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். வாசிக்க வரும் மதுரைக்காரர் தன் கிட்டாரைக் கொண்டுவரவில்லை, ஒன்று தயாராக வைத்திருங்கள் என்று சொல்லியிருந்ததால் மச்சான்தான் ஆள் அனுப்பியிருந்தார். எதற்கு என்று பாயிடம் யாரும் சொல்லவில்லை.

அவர் போர்வையைப் பிரித்தார். தேங்காய் எண்ணெய் வாசனை. ஜன்னல் வெளிச்சத்தில் நான்கு கம்பிகளும் குளித்துவிட்டு வந்த மாதிரி மினுமினுத்தன.

"நல்லாப் பாத்துக்கிட்டீங்க போல பாய்" என்றேன். கம்பியைத் தொட்ட என் விரல் வழுக்கியது.

"பின்ன? மலைக் காத்துல இரும்ப வெறுமனே விட்டா மறுநாளே சிவந்து போயிரும்ல தம்பி. இன்ஜின் தொட்டுச் செடி வெட்டுற கவாத்துக் கத்தி வரைக்கும் என் கைபட்ட எதையும் துருப்பிடிக்க விட்டதில்ல." கம்பியின்மேல் விரலை ஓட்டிக் காட்டினார். "இது சுருள் கம்பி பாரு, மேலாக்கத் தடவுனாப் பத்தாது. காதர் ரெக்கார்டிங்குக்கு வர்றதுக்கு மொத நாளு, சுருளுக்குள்ள எறங்குற மாதிரி நல்லாத் தேச்சு விட்டேன். துரு இருந்தா அவன் விரலக் கிழிச்சிரும்ல. போற எடத்துல ஸ்டியரிங் புடிக்கணும்."

காது கேட்காதவர் எதிரில் ஒரு வசதி உண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன வேண்டுமானாலும் பேசலாம். மச்சான் சாக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "மாப்ளே, இம்புட்டு நாளும் நீ தேடுனது இதத்தான்" என்றார்.

"ம்."

"அந்தப் பயலுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே."

தெரிந்திருக்கும். தொட்டவுடன் தெரிந்திருக்கும். குனிந்து பார்த்தானே. அத்தா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் தேய்த்துவிட்டதை அவன் எப்படித் துடைப்பான்? விரலை மட்டும் துடைத்துக்கொண்டான். வேர்வை என்றான்.

இதன் நுட்பம் உங்களுக்குத் தெரியும், ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சுருளுக்குள் எண்ணெய் இறங்கிய கம்பி, அடி ஒலியை மட்டும் கொடுத்து மேல் ஒலிகளை விழுங்கிவிடும். டேப்பில் அவை பதியவே இல்லை. இல்லாத ஒன்றை நான் அத்தனை நாளும் ஏற்றிக்கொண்டிருந்தேன். அது தெரிந்ததும் என் கேள்வி மாறியது. காதரிடம் இருப்பது அடி ஒலி மட்டும். அப்படியானால் அவன் இடத்தில் வேறு யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஒவ்வொரு டிராக்காக மூடிப் பார்த்தேன். ஆர்கனை மூடியதும் காதர் வெளியே வந்தான். மங்கலாகத்தான், ஆனால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக.

"மச்சான், உங்க இடக்கைதான்."

"என் இடக்கை உன்னய என்னடா பண்ணுச்சு?"

"காதர் நடக்குற தடத்துலயே நீங்களும் கூடவே நடக்குறீங்க. அவன் காலு எது, உங்க காலு எதுன்னு தெரியல. ஆர்கன்ல கீழ் ஸ்தாயிய எடுத்துட்டா அவன் தெரிவான்."

அவர் தன் இடக்கையைத் திருப்பிப் பார்த்தார். நான் கேட்டது சின்ன விஷயம் இல்லை. மேடையில் அந்த இடக்கைக்குத்தான் ஜனங்கள் கைதட்டுவார்கள். வலக்கையை யாரும் பொருட்படுத்தியதில்லை. அந்த இடக்கையை அவருடைய முதல் கேசட்டில் வெட்டச் சொல்கிறேன்.

மைதீன் பாய் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கணக்கு வழக்கு என்று நினைத்தாரோ என்னவோ, நாகரிகமாக எழுந்துபோய்ப் பலாப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பாட்டப் போடு தம்பி. காதர் எங்கன இருக்கான்னு பாப்போம்."

போட்டேன், பழைய நிலையிலேயே. சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். "பூராவும் ஒரே ஓட்டமா இருக்கு. லோடு இல்லாத இன்ஜின் மாதிரி. புள்ள இதுக்குள்ளதான் இருக்கானா?"

மச்சான் சாக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பினார். "வெட்டு மாப்ளே" என்றார். "இடக்கைய வெட்டு. வலக்கை இருக்குல்ல, அது போதும்."

ஆர்கனின் கீழ்ப்பகுதியை இறக்கினேன். தபலாவில் இடது பக்கத்தின் கும்கும் சத்தத்தைக் கொஞ்சம் ஒடுக்கினேன். பேஸிலேயே தொப்பை போட்டிருந்த இடத்தை, உங்களுக்கு நான் சொல்லும் அந்த இருநூறு முந்நூறுக்கு நடுவில், ஒரு துளி குறைத்தேன். விரல் கம்பியைத் தொடும் சத்தம் மட்டும் நடுவில் ஓரிடத்தில் மிஞ்சியிருந்தது. அதை ஒரு துளி ஏற்றினேன். இவ்வளவுதான் செய்தேன். ஆனால் எதையும் என் காதை நம்பிச் செய்யவில்லை. அத்தனை நாள் கேட்டு அலுத்துப்போன காது அது. பெட்டியின் மேலிருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு செய்தேன்.

முதலில் கை சும்மா கிடந்தது. பிறகு சுட்டுவிரல் லேசாக எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது. பல்லவி முடிந்து சரணத்துக்குள் காதர் இறங்கும் இடத்தில் விரலும் அவன்கூடவே இறங்கியது.

இன்னும் கொஞ்சம் குறைத்தால் இன்னும் சுத்தமாகிவிடும் என்று எனக்கு ஆசை வந்தது. குறைத்தேன். விரல் நின்றுவிட்டது. அவசரமாகப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். விரல் நடந்தது. குமிழ்களிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"இந்தா இருக்கான்" என்றார் மைதீன் பாய், கண்ணைத் திறக்காமல். "இந்தா வர்றான். பய அவசரமே படமாட்டான், பாத்தியா."

மச்சான் மூக்கை உறிஞ்சினார். சாக்குத் தூசி என்றார்.

பிற்பகலில் மதுரைக்காரர் வந்து சேர்ந்தார். அவரை உட்காரவைத்துப் பாட்டைப் போட்டோம். முழுதும் கேட்டார்.

"வாசிப்பு நல்லாத்தானே இருக்கு. ரொம்பப் பளிச்சுன்னு இல்ல, ஆனா உறுத்தாம இருக்கு. இதுல என்னய எதுக்கு வரச் சொன்னீங்க?"

"சாப்பிடத்தான்ணே. இங்கிட்டுக் கறிச்சோறு நல்லாருக்கும்" என்றார் மச்சான்.

அவர் சிரித்துக்கொண்டே, சும்மா இருக்கட்டுமென்று கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கம்பியைத் தொட்டார். விரலைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தார். நிமிர்ந்தார். நேர் எதிரில் மைதீன் பாய், அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு.

"யாருங்க இதுல எண்ணெ..."

மச்சான் டீ டம்ளரோடு இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். தோட்டக்காரர், நல்ல அகலமான முதுகு. "டீ குடிங்கண்ணே, ஆறுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். விலகியபோது மதுரைக்காரர் முகம் மாறியிருந்தது. பாயைப் பார்த்து, "கிட்டார நல்லா வச்சிருக்கீங்க" என்றார். பாய்க்கு அது நன்றாகவே புரிந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

கிளம்பும்போது மைதீன் பாய் என்னிடம் வந்தார். "ஏன் தம்பி, மொதல்ல அப்பிடிக் கலங்கலா இருந்துச்சு? கிட்டார்ல எதுவும் கோளாறா?"

"ஆர்கன் சாஸ்தியா இருந்துச்சு பாய். கொறச்சாச்சு."

"ஆமா பாய், எல்லாம் நான் பாத்த சோலிதான்" என்றார் மச்சான்.

"அப்ப நான் எப்பவும் போல எண்ணெ போட்டுக்கிறலாம்ல?"

அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்தேன். தேவைப்படவில்லை.

"வாசிக்க ஆள் இல்லாம கெடக்குற வரைக்கும் போடுங்க பாய். துருப்பிடிக்காது."

அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

கேசட் வெளிவந்தது. மதுரைக் கடைக்காரர் சகதி என்ற சொல்லை மறுபடி சொல்லவில்லை. முருகேசன் மச்சானின் இடக்கை அதில் இல்லை என்பதை அவரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. அது அவருக்குக் கடைசிவரை ஒரு சின்ன வருத்தம்தான்.

நம் வேலையில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது பாதிதான். கண்டுபிடித்ததை யார் எதிரில் சொல்வது, யார் எதிரில் விழுங்குவது என்பது மீதி. முதல் பாதியை உங்கள் கருவிகள் இன்று என்னைவிட வேகமாகச் செய்துவிடும். இரண்டாவதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

காதர் சில வருடம் கழித்து விடுமுறையில் வந்தான். ஒருநாள் அத்தாவோடு கடைத்தெருவுக்கு வந்தவன், அவரைக் கீழே கடைக்காரரோடு பேசவிட்டுவிட்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறி வந்தான். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தான். போர்வையைப் பிரித்தான். அதே வாசனை. நான்கு கம்பிகளும் மினுமினுவென்று இருந்தன.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று நடந்ததை நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. சட்டைப்பையில் புதுக் கம்பி உறை துருத்திக்கொண்டிருந்தது. சவுதியில் வாங்கியதாம்.

"இப்பவே மாத்திருவோமா?" என்றேன்.

"இருக்கட்டும்ணே, திரும்பிப் போறதுக்குள்ள மாத்திக்கலாம்" என்றான். பிறகு படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். கீழே இருந்தவருக்கு எவ்வளவு கத்தினாலும் கேட்காது. இருந்தும் தாழ்த்தினான்.

"காஞ்ச துணி ஒன்னு கொண்டாங்கண்ணே. வெரசா."

கொடுத்தேன். கம்பி கம்பியாகத் துடைத்தான். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் துணியை எண்ணெய்ப் பக்கம் உள்ளே போகும்படி மடித்தான், சட்டைப்பையில் கம்பி உறைக்கு அடியில் திணித்துக்கொண்டான். மைதீன் பாய் உள்ளே வந்து பலாப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கையை வைத்தார்.

"ம், வாசிடா" என்றார்.